நேஷன்ஸ்டேட்ஸ்: உங்கள் நாடு எங்கே கெட்டது என்று கண்டுபிடிப்பது எப்படி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மார்த்தாண்டத்திலிருந்து சித்தி மகன் போன் செய்தான். “அண்ணா, என் நாட்டக் காணல்ல.” தொழுவத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது போல ஒரு குரல்.

“கடைசியா என்னலே அமுக்கின?”

“ஒண்ணும் அமுக்கல்ல.”

கோளாறே அதுதான். 28 நாள் ஒன்றையும் அமுக்காமல் இருந்திருக்கிறான்.

நேஷன்ஸ்டேட்ஸ் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மாக்ஸ் பாரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர், வெளிவரவிருந்த தன் நாவலுக்கு விளம்பரமாக 2002 நவம்பரில் தொடங்கிய ஆட்டம் இது. நாவல் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆட்டம் இன்னும் ஓடுகிறது. பிரவுசர் இருந்தால் போதும். ஒரு நாட்டுக்குப் பெயர், கொடி, பணம், தேசிய விலங்கு, ஒரு முழக்கம் எல்லாம் நீங்கள் வைக்கிறீர்கள். அப்புறம் இஷ்யூக்கள், அதாவது நீங்கள் முடிவெடுக்க வேண்டிய பிரச்சினைகள், வரும். ஒவ்வொன்றிலும் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லுவார்கள். யார் பேச்சைக் கேட்கிறீர்களோ அதற்கேற்ப நாடு மாறும்.

என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இரண்டே கேள்வியில் தீர்ந்துவிடும். கடைசியாக எதை அமுக்கினீர்கள்? அப்போது மணி என்ன? உங்கள் புகார் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

“பெயரை ஏற்க மாட்டேன் என்கிறது”

தமிழ் எழுத்தில் அடித்திருப்பீர்கள். நாட்டின் பெயருக்கு ஆங்கில எழுத்து, எண், இடைவெளி, சிறு கோடு இவை மட்டும்தான். நீளம் 40 எழுத்துக்குள். ‘ழ’ வரும் பெயரென்றால் அதை எப்படி ஆங்கிலத்தில் எழுதப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பெயரைப் பிறகு மாற்ற வழியே கிடையாது. என் முதல் நாட்டில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். இன்றைக்கும் அது அப்படியேதான் கிடக்கிறது.

இன்னொரு தப்பு எல்லாரும் செய்வது. பெயர்ப் பெட்டியிலேயே ‘ரிபப்ளிக் ஆஃப்’ என்று சேர்த்து அடித்துவிடுவார்கள். அந்த முன்னொட்டை ஆட்டம் தானாகப் போடும். விளைவு, ‘குடியரசுக் குடியரசு’ என்று இரட்டையாக நிற்கும். வெறும் பெயரை மட்டும் கொடுங்கள். முன்னொட்டைச் சொந்தமாக மாற்றுவதற்கும், தலைநகரம், தலைவர் பெயர் வைப்பதற்கும் மக்கள்தொகை ஒரு அளவைத் தாண்ட வேண்டும். அந்தக் கட்டங்கள் இல்லையே என்று முதல் வாரத்தில் தேடாதீர்கள்.

என் இப்போதைய நாட்டின் பெயர் மட்டி. நம் ஊர் மட்டிப்பழத்தை நினைத்து வைத்தது. வாழைப்பழக் குடியரசு என்று உலகமே கேலி பேசும்போது நாமே முந்திக்கொள்வோமே என்று ஒரு எண்ணம். மட்டி என்றால் மூடன் என்றும் ஒரு பொருள் உண்டு என்று தங்கை நினைவுபடுத்தியபோது பதிவு முடிந்திருந்தது. பணத்துக்குச் சக்கரம் என்று பெயர். திருவிதாங்கூர் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம். பாட்டி கடைசி வரை அந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தேசிய விலங்கு சாளை.

“இஷ்யூ வருவதே இல்லை”

செட்டிங்ஸில் ஒரு நாளைக்கு எத்தனை என்று பாருங்கள். அதிகபட்சம் நாலு. அது சரியாக இருந்தால், ஏற்கெனவே ஐந்து இஷ்யூ தேங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஐந்து சேர்ந்துவிட்டால் புதிது வராது. பிடிக்காததைத் தள்ளுபடி செய்துவிடலாம், அதனால் நாட்டுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்தது எப்போது வரும் என்பது அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

“ஜனநாயகம்தான் அமைத்தேன், சர்வாதிகாரம் என்று காட்டுகிறது”

தக்கலையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இந்த ஆட்டத்தைக் காட்டிக்கொடுத்ததே நான்தான். இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தார். “மக்களே, என் நாட்டுக்குப் பித்துப்பிடித்த சர்வாதிகாரம்னு பேரு போட்டிருக்கு. நான் எல்லாம் நல்லதுக்குத்தான செஞ்சேன்?”

நல்லதுக்குத்தான் செய்திருந்தார். ஓட்டுப் போடுவது கட்டாயமா என்று கேட்டபோது கட்டாயம் என்றார். தெருவுக்குத் தெரு கண்காணிப்புக் கேமரா வேண்டுமா என்றபோது வேண்டும் என்றார். பத்திரிகைகள் வாய்க்கு வந்தபடி எழுதுகின்றன என்று ஒருவர் புலம்பியபோது, கடிவாளம் போடுங்கள் என்றார். வகுப்பில் முப்பது வருஷம் பிரம்போடு நின்ற கை. ஒவ்வொரு முடிவையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். கூட்டிப் பார்த்தால் அந்த நாட்டில் ஒருவரும் உரக்கத் தும்மவும் முடியாது.

ஆட்டம் உங்கள் நாட்டை மூன்று அளவுகோலில் அளக்கிறது: தனிவாழ்வுச் சுதந்திரம், பொருளாதாரச் சுதந்திரம், அரசியல் சுதந்திரம். ஒவ்வொன்றுக்கும் கீழ், நடு, மேல் என்று மூன்று நிலை. மூன்றையும் பெருக்கினால் 27 வகை அரசு. மூன்றும் நடுவில் நின்றால், யாரையும் புண்படுத்தாத நடுநிலை ஜனநாயகம் என்ற பொருளில் ஒரு பெயர் வரும். மூன்றும் கீழே போனால் சாருக்கு வந்த பெயர். மூன்றும் உச்சிக்குப் போனால் அராஜகம். எல்லாச் சுதந்திரத்தையும் அள்ளிக் கொடுத்த நல்லவர்கள் போய் நிற்கும் இடம் அது. அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்ற பொருளிலும் ஒரு வகை உண்டு. நம் ஊர் வீடுகளில் பாதி அந்த வகைதான்.

ஒரு நுணுக்கம். நாட்டின் முகப்பில் காட்டுவது பொருளாதாரத்தின் பலம். வகையைத் தீர்மானிப்பது பொருளாதாரச் சுதந்திரம். இரண்டும் வேறு. பொருளாதாரம் கொழிக்கும், ஆனால் எல்லாத் தொழிலும் அரசின் கைக்குள் இருக்கும். அப்படியும் நாடு உண்டு.

சரி செய்வது எப்படி? டிரெண்ட் பக்கத்தில் அந்த மூன்று கோடுகளையும் எடுத்துப் பாருங்கள். எது எல்லாவற்றிலும் கீழே கிடக்கிறதோ அதை மட்டும் மனதில் வைத்து அடுத்த பத்துப் பதினைந்து இஷ்யூக்களுக்குப் பதில் சொல்லுங்கள். மற்ற இரண்டும் கொஞ்சம் ஆடினால் ஆடட்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் தூக்கப் பார்த்தவர்கள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், முடிவை அமுக்கியதும் வரும் பக்கத்தில் எது ஏறியது, எது இறங்கியது என்று சதவீதத்தோடு காட்டும். சினிமா முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியல் மாதிரி, அதை யாரும் படிப்பதில்லை. படியுங்கள்.

சாருக்கு மூன்று மாதம் பிடித்தது. இப்போது நடுநிலை ஜனநாயகம். ஆனால் போர் அடிக்கிறது என்கிறார்.

“பொருளாதாரம் கவிழ்ந்துவிட்டது”

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். மக்கள்தொகை நாளுக்கு நாள் ஏறுகிறதே, அப்படியென்றால் நாடு நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பார்கள். மக்கள்தொகைக்கும் உங்கள் ஆட்சிக்கும் சம்பந்தமில்லை. அது நாட்டின் வயதை ஒட்டி ஏறிக்கொண்டே போகும். பஞ்சத்திலும் ஏறும்.

பொருளாதாரம் கவிழ்வதற்கு நான் பார்த்த வரையில் ஒரே பெரிய காரணம், எல்லாருக்கும் சரி என்று சொல்வது. பள்ளிக்கூடத்துக்குப் பணம் கேட்டு ஒருவர் வருவார், கொடுப்பீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருவர், கொடுப்பீர்கள். ராணுவம், ரயில், காடு வளர்ப்பு என்று வரிசையாக வருவார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுவது போல ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டே இருப்பீர்கள். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது இஷ்யூவில் எழுதியிருக்காது. நாட்டின் வர்ணனைப் பத்தியில் வருமான வரி இத்தனை சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். சித்தி மகனின் நாட்டில் அது 90ஐத் தாண்டியிருந்தது. “சும்மா குடுத்தா சந்தோஷப்படுவானுவன்னு நெனச்சேன்” என்றான்.

வரியைக் குறைக்கச் சொல்லி ஒரு இஷ்யூ வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். செலவு வட்டத்தைப் பாருங்கள். எந்தத் துண்டு பெரிதாக இருக்கிறதோ அந்தத் துறையைத் தொடும் இஷ்யூக்களில் சிக்கனமான பதிலைத் தேர்ந்தெடுங்கள். சிக்கனமான பதில் என்பது பல நேரம் அந்தப் பட்டியலிலேயே படிக்க அருவருப்பான ஒரு ஆள் சொல்வதாக இருக்கும். இஷ்யூ எழுதுகிறவர்கள் வேண்டுமென்றே அப்படித்தான் வைக்கிறார்கள். இஷ்யூக்களில் மிகப் பல, விளையாடுகிறவர்கள் எழுதிக்கொடுத்தவை. முழுக்க நல்லவன் என்று ஒருவனையும் விட்டுவைக்க மாட்டார்கள். எந்தப் பதிலும் சரியில்லை என்றால் தள்ளுபடி செய்யுங்கள். இதைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள்: பதில் சொல்லாமல் இருப்பதும் ஆட்சிதான்.

“நாட்டில் மீனைத் தடை செய்துவிட்டேன், எப்படித் திரும்பப் பெறுவது?”

இது என் சொந்தக் கதை. ராத்திரி பன்னிரண்டு மணி, அரைத் தூக்கம், மிருகங்களுக்கு இரக்கம் காட்டச் சொல்லி ஒரு இஷ்யூ. படிக்காமல் அமுக்கினேன். காலையில் பாலிசிப் பக்கத்தில் புது அட்டை ஒன்று முளைத்திருந்தது: சைவம் கட்டாயம், இறைச்சி சட்டவிரோதம். தேசிய விலங்கு சாளை. அதைத் தின்றால் ஜெயில். அன்று மதியம் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். குற்றவாளி மாதிரி உட்கார்ந்து தின்றேன்.

இந்த ஆட்டத்தில் உலகப் பட்டியல் ஒன்று உண்டு. எல்லா நாடுகளையும் தரவரிசைப்படுத்துவார்கள். சீஸ் ஏற்றுமதிக்கு ஒரு பட்டியல், கூடை முடைவதற்கு ஒரு பட்டியல், மீன் பிடிப்பதற்கும் ஒன்று. நம் ஆட்கள் கேள்விப்படாத ட்ரவுட் என்ற நன்னீர் மீன் அது. நெய்மீனுக்கும் சூரைக்கும் இடமில்லை. இருந்தாலும் குமரிக்காரன் நாடு அதில் முன்னே நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அந்தக் கோடு சாய்ந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

பாலிசி என்பது ஒரு ஸ்விட்ச். புள்ளிகள் போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்காது, ஒன்று இருக்கும் அல்லது இருக்காது. அதை அணைக்க அதற்கென்று உள்ள இஷ்யூ வர வேண்டும். அதை வரவழைக்கப் பொத்தான் எதுவும் இல்லை. செய்யக்கூடியது, ஒரு நாளைக்கு நாலு என்று வைத்துக்கொண்டு வருவதை உடனுக்குடன் தீர்த்து, வரிசையைக் காலியாக வைத்திருப்பது. நிறைய வந்தால் அதுவும் ஒரு நாள் வரும். எனக்கு அது வந்த நேரம் நான் பஸ்ஸில் இருந்தேன்; வேப்பமூட்டில் இறங்க வேண்டியவன் வடசேரி வரைக்கும் போய்விட்டேன்.

இனிமேல் விபரீதமான பதிலைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால் பப்பெட் என்று இன்னொரு நாடு தொடங்கிக்கொள்ளுங்கள். எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், விதிமீறல் இல்லை. அதில் மனிதனை மனிதன் தின்னச் சட்டம் போட்டாலும் கேட்பாரில்லை.

“நான் ஒன்றும் செய்யாமலே புள்ளிகள் மாறுகின்றன”

வேர்ல்ட் அசெம்ப்ளியில், அதாவது ஆட்டத்துக்குள் இருக்கும் உலக நாடுகள் சபையில், சேர்ந்திருக்கிறீர்களா? அங்கே பொதுச் சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறினால் உறுப்பு நாடுகள் எல்லாவற்றின் புள்ளிகளும் அதற்கேற்ப மாறும். நீங்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தாலும் மாறும். பிடிக்கவில்லை என்றால் வெளியேறிவிடலாம். ஏற்கெனவே மாறியது மாறியதுதான்.

இந்தச் சபைக்கு முன்பு ஐக்கிய நாடுகள் என்றே பெயர் இருந்தது. நிஜ ஐ.நா. தரப்பிலிருந்து ஆட்சேபக் கடிதம் வந்தபின் 2008ல் மாற்றினார்கள். கற்பனை நாடுகளின் சபைக்கு உண்மையான சபையிடமிருந்து நோட்டீஸ் வந்தது என்பதைவிடப் பெரிய பாராட்டு ஒரு ஆட்டத்துக்குக் கிடைக்குமா என்ன?

“வேர்ல்ட் அசெம்ப்ளியில் சேர முடியவில்லை”

விண்ணப்பித்ததும் மெயிலில் ஒரு இணைப்பு வரும், அதைத் திறந்தால்தான் உறுப்பினர். வரவில்லை என்றால் ஸ்பாம் பெட்டி. அங்கும் இல்லை என்றால் செட்டிங்ஸில் கொடுத்த முகவரியில் எழுத்துப்பிழை.

ஒரு ஆளுக்கு ஒரே ஒரு உறுப்பு நாடு. இதில் மட்டும் விளையாடாதீர்கள். பப்பெட்டுகள் எத்தனை இருந்தாலும் ஒன்றைத்தான் சேர்க்கலாம், மீறினால் தூக்கிவிடுவார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே கம்ப்யூட்டரில் ஆடினால் இருவரில் ஒருவர் மட்டும் சேருவது நல்லது. நீங்கள் இரண்டு ஆட்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும், சர்வருக்குத் தெரியாது.

“என் எண்டோர்ஸ்மென்ட் எல்லாம் பூஜ்யமாகிவிட்டது”

ரீஜன் மாறியிருப்பீர்கள். ரீஜன் என்பது பல நாடுகள் சேர்ந்திருக்கும் ஒரு வட்டாரம். ஒரே ரீஜனில் இருக்கும் வேர்ல்ட் அசெம்ப்ளி உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் ஆதரவுதான் எண்டோர்ஸ்மென்ட். இடம் மாறினால் வாங்கியதும் போகும், கொடுத்ததும் போகும். திரும்பி வந்தாலும் பழையது வராது, வாசல் வாசலாகப் போய் மறுபடி கேட்க வேண்டும். இங்கே 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோட்டுக்காரர்கள் வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே மாநிலம் மாறினார்கள். சொந்தபந்தம் அப்படியே இருந்தது. ஆட்டத்தில் ஒரே கிளிக்கில் நாட்டையே பெயர்த்துக்கொண்டு போகலாம், ஆனால் சொந்தபந்தம் ஒன்றும் கூட வராது.

“தூங்கி எழுந்தால் ரீஜன் வேறு யாரோ கையில்”

இங்கேதான் மணி என்ன என்ற கேள்வி. ரீஜனில் அதிக எண்டோர்ஸ்மென்ட் வைத்திருக்கும் நாடு டெலிகேட், அதாவது ரீஜனின் பிரதிநிதி, ஆகும். ஆனால் நீங்கள் கூடுதலாக வாங்கிய நொடியிலேயே அல்ல, அப்டேட் ஓடும்போதுதான். ஆட்டம் தன் கணக்கைப் புதுப்பிக்கும் நேரம் அது. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி நள்ளிரவுக்கு ஒன்று, நண்பகலுக்கு ஒன்று. நம் நேரத்துக்கு அது காலை 9:30க்கும் இரவு 9:30க்கும் தொடங்கும். அவர்கள் ஊரில் குளிர்காலக் கடிகாரத்துக்கு மாறினால் 10:30. எல்லா ரீஜன்களும் ஒரே நொடியில் அல்ல, வரிசையாக ஒவ்வொன்றாக ஓடும்.

ரெய்டர் என்று ஒரு கூட்டம் உண்டு. உங்கள் ரீஜனின் முறை வருவதற்குச் சில நொடிகளுக்கு முன் பத்து இருபது உறுப்பு நாடுகளோடு உள்ளே குதிப்பார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே ஆளுக்கு ஆதரவு அமுக்குவார்கள். அப்டேட் கடந்ததும் டெலிகேட் அவர்கள் ஆள். உங்கள் கொடி போய் அவர்கள் கொடி. உங்களை வெளியே தள்ளிவிட்டால் நீங்கள் போய் விழுமிடம் தி ரிஜெக்டட் ரெல்ம்ஸ். தள்ளப்பட்ட எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள், கூச்சப்பட வேண்டாம்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்ன ரீஜன் வைத்திருந்தோம். இரவு 9:30 வாக்கில் மழை, இங்கே கரண்ட் போய்விட்டது. மற்றவர்கள் மொபைலில் இருந்திருக்கலாம், யாரும் இல்லை. பத்தரைக்கு வெளிச்சம் வந்தபோது முகப்பில் ஏதோ ஒரு மண்டையோடு சிரித்துக்கொண்டிருந்தது.

பாருங்கள், மூன்று பூட்டு உண்டு. ஒன்று, ரீஜனுக்குக் கவர்னர் இருக்கிறாரா, அவர் நாடு உயிரோடு இருக்கிறதா. இருந்தால் வந்தவர்களை அவர் வெளியேற்றலாம். எங்களுடையவர் வேலைக்கு வெளிநாடு போன இடத்தில் ஆட்டத்தையே மறந்துவிட்டிருந்தார். இரண்டு, டெலிகேட்டுக்கு நிர்வாக அதிகாரம் கொடுத்திருக்கிறீர்களா. கொடுக்காவிட்டால் வந்தவனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மூன்று, கடவுச்சொல். ஆனால் அது போட்டால் புதியவர்களும் வர மாட்டார்கள். பூட்டின கடைக்கு யார் வருவார்? 2023ல் ரீஜன்களை ஃபிராண்டியர், ஸ்ட்ராங்ஹோல்ட் என்று இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஃபிராண்டியருக்குப் புதிய நாடுகள் தானாக வந்து சேரும், ஆனால் கவர்னர் கிடையாது. ஆள் சேர வேண்டுமா, பத்திரமாக இருக்க வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் ஸ்ட்ராங்ஹோல்ட் போதும் என்பேன்.

“பக்கத்து நாடு போர் தொடுத்துவிட்டது”

சும்மா விடுங்கள். இந்த ஆட்டத்தில் போர் என்று ஒரு பொத்தானே கிடையாது. சண்டை எல்லாம் இரண்டு பக்கமும் சம்மதித்து எழுதிக்கொள்ளும் கதை. கொளச்சலில் 1741ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரைத் தோற்கடித்து, பிடிபட்ட டி லனாயை வைத்தே பிறகு தன் படையைப் பயிற்றியது. அந்த மாதிரி எதிரியைத் தளபதியாக்கும் கதைக்கு நீங்கள் தயார் என்றால் எழுதுங்கள். இல்லையென்றால் பதிலே போட வேண்டாம்.

“டெலிகிராம் வந்து குவிகிறது”

ஆட்டத்துக்குள் அனுப்பும் கடிதத்துக்குத்தான் இங்கே டெலிகிராம் என்று பெயர். அனுப்புகிறவர்கள் தங்கள் ரீஜனுக்கு ஆள் பிடிக்கிறவர்கள். புது நாடு தொடங்கிய நிமிடத்திலிருந்து மொய்ப்பார்கள். டெலிகிராம் செட்டிங்ஸில் ஆள்சேர்ப்பைத் தடுக்க வழி இருக்கிறது.

“நாட்டையே காணவில்லை”

சித்தி மகனுக்கு வருவோம். 28 நாள் உள்ளே வராவிட்டால் நாடு இல்லாமல் போய்விடும். செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதே பெயர், அதே கடவுச்சொல்லோடு நுழைந்து உயிர்ப்பிக்கலாம். கொடி, பணம், பாலிசி எல்லாம் இருக்கும். ஆனால் எழுந்திருக்கும் இடம் பழைய ரீஜனாக இருக்காது, லாசரஸ் என்ற ரீஜன். பைபிளில் நாலு நாள் கல்லறையில் கிடந்து எழுந்து வந்தவன் பெயர். நம் ஊர்ப் பக்கம் அந்தக் கதை தெரியாத பிள்ளை குறைவு. அவன் உடனே பிடித்துக்கொண்டான். வேர்ல்ட் அசெம்ப்ளி உறுப்பு மட்டும் போயிருக்கும், மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

கடவுச்சொல் மறந்திருந்தால், பதிவு செய்த மெயில் முகவரி ஒன்றுதான் வழி. முகவரி கொடுக்காமல் தொடங்கியவர்கள் இன்றே போய்க் கொடுத்துவிடுங்கள்.

பரீட்சை, வெளியூர் என்று போகும்போது செட்டிங்ஸில் வெக்கேஷன் மோடைப் போட்டால் 28 நாள் 60 ஆகும். அவனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

“அண்ணா, பப்ளிக் பரீட்சைக்கு அறுபது நாள் போதாதே.”

“நடுவுல ஒருநாள் உள்ள போய்ட்டு வாலே.”

“அம்மா போன பூட்டி வச்சிருவா.”

அதற்கு செட்டிங்ஸில் ஒன்றும் இல்லை. நாட்டின் பெயரையும் கடவுச்சொல்லையும் என்னிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான். மார்ச்சில் ஒரு தரம் நான் நுழைந்து வர வேண்டும், ஆனால் ஒன்றையும் அமுக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.